கஞ்சிச் சட்டியோடு கண்டிக்கு

அன்று காலை அக்குறணையில் பஸ் ஏறும்போது என் மனைவியின் கையில் ஒரு பெரிய துணிப்பை இருந்தது. கண்டிக்குப் போய்ப் பகல் சாப்பாட்டுக்கு முன் திரும்புகிற பயணத்துக்கு இத்தனை பெரிய பை எதற்கு என்று நான் கேட்கவில்லை. கட்டுகஸ்தோட்டைப் பாலத்தருகே பஸ் ஒரு குலுக்குக் குலுக்கியது. பைக்குள்ளிருந்து 'டங்' என்று ஒரு சத்தம். எட்டிப் பார்த்தேன். உள்ளே இருந்தது நோன்புக் கஞ்சி காய்ச்சுகிற எங்கள் வீட்டு எலுமினியச் சட்டி.

"இதென்னத்துக்கு?" என்றேன்.

"கேஸ் குக்கர் வாங்கத்தானே போற. சட்டி அதில குந்துமா எண்டு பாக்க வேணாமா?"

முன் இருக்கையில் இருந்தவர் திரும்பிப் பார்த்தார். எனக்கு வெட்கமாக இருந்தது. முப்பத்தைந்து வருடம் கணிதம் படிப்பித்தவன், கண்டி நகரத்துக் கடைக்குச் சட்டியும் கையுமாகப் போவதா என்று நினைத்தேன். இன்று அந்த நினைப்பை எண்ணித்தான் வெட்கப்படுகிறேன். இது நடந்தது 2025 ஜனவரியில்.

எங்கள் வீட்டில் அடுப்பு விடயமாக அதற்கு முன் மூன்று தீர்மானங்கள் எடுக்கப்பட்டிருந்தன. மூன்றையும் எடுத்தவன் நான். அந்த நாள் வரைக்கும் ஒரு வேளைச் சோறாவது வடித்தவனல்ல நான்.

முதலாவது தீர்மானம் என் உம்மாவோடு சம்பந்தப்பட்டது. உம்மாவின் குசினி வீட்டுக்குப் பின்னால் தனியாக இருந்தது. மூன்று கல் வைத்த அடுப்பு. அதற்கு மேலே விறகு காயவைக்கும் பரண். சுவரும் கூரை ஓடும் தார் பூசியது போலக் கறுத்திருக்கும். நோன்பு காலத்தில் சஹருக்கு இரண்டரை மணிக்கே எழுந்து ஊதுகுழலை வாயில் வைத்து ஊதுவார். ஊதும் சத்தமும் இருமல் சத்தமும் மாறி மாறிக் கேட்கும். சிறு வயதில் சஹருக்கு எங்களை யாரும் தட்டி எழுப்பியதில்லை. அந்தச் சத்தத்தில்தான் எழுந்தோம்.

கடைசிக் காலத்தில் உம்மாவுக்கு நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கியது. ஆஸ்பத்திரியில் டொக்டர், "அம்மா சிகரெட் பாவிப்பவரா?" என்று கேட்டார். நாங்கள் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை. "அப்படியானால் அடுப்பு எப்படி? புகை போக வழி இருக்கிறதா?" என்று அடுத்ததாகக் கேட்டார். வீட்டுக்குள் எரியும் விறகு, மண்ணெண்ணெய் முதலியவற்றின் புகையால் 2020ஆம் ஆண்டில் மட்டும் உலகில் ஏறத்தாழ 32 இலட்சம் பேர் இறந்ததாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிட்டிருப்பதைப் பின்னாளில் வாசித்தபோது அந்த டொக்டரின் முகம்தான் நினைவுக்கு வந்தது. நம் நாட்டில் 2012ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி நான்கில் மூன்று பங்குக்கு மேற்பட்ட குடும்பங்கள் விறகில்தான் சமைத்தன. அந்தக் கணக்குக்குள் எத்தனை உம்மாமாருடைய இருமல் அடங்கியிருக்கிறதோ, அல்லாஹ்தான் அறிவான்.

உம்மா மௌத்தான அடுத்த வருடம், 1997இல், இரண்டு அடுப்புள்ள ஒரு கேஸ் குக்கரை வாங்கி வந்து மேசை மேல் வைத்தேன். என் மனைவியின் நெஞ்சுக்குள்ளும் அந்தப் புகை போகக் கூடாது என்பதுதான் எண்ணம். நல்ல எண்ணம். ஆனாலும் அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

இரண்டாவது தீர்மானம் 2008இல். குசினிக்கு டைல் பதித்தபோது பின்னாலிருந்த பழைய அடுப்பை இடித்துத் தள்ளினேன். "இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் மனைவி. "இனி யார் விறகு வெட்டுற?" என்றேன் நான்.

மூன்றாவது தீர்மானம் 2017இல். கறுப்புக் கண்ணாடித் தட்டுள்ள அழகான குக்கர் ஒன்று விலைக்கழிவில் கிடைத்தது. மனைவி இரும்புத் தட்டுள்ளதைக் காட்டி, "இது போதும்" என்றார். "துடைக்க லேசு, பார்க்கவும் வடிவு" என்று சொல்லிக் கண்ணாடியை வாங்கினேன்.

2021ஆம் ஆண்டின் கடைசி மாதங்களை இலங்கையில் சமைத்த எவரும் மறந்திருக்க மாட்டார்கள். அந்த ஒக்டோபரில் அரசாங்கம் விலைக்கட்டுப்பாட்டை நீக்கியது. 1493 ரூபாவாக இருந்த 12.5 கிலோ சிலிண்டர் 2675 ரூபாவானது. அந்த அதிர்ச்சி அடங்குமுன் நவம்பரிலும் டிசம்பரிலும் நாட்டின் நாலா பக்கத்திலிருந்தும் கேஸ் வெடிப்புச் செய்திகள் வந்தன. இதை ஆராய ஜனாதிபதி நியமித்த நிபுணர் குழு, வாயுக் கலவையின் விகிதம் மாற்றப்பட்டதே பிரதான காரணம் என்று அறிக்கையிட்டது.

அந்த விகிதம் என்னவென்று நான் ஒரு கணித வாத்தியாராகத் தேடிப் படித்தேன். சிலிண்டருக்குள் இருப்பது புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. பியூட்டேன் பூச்சியத்துக்குச் சற்றுக் கீழே கொதித்து வாயுவாகும். புரொப்பேனுக்கு அது மறை 42 பாகை. குளிர் நாடுகளில் புரொப்பேன் கூடுதலாக வேண்டும். நம்மைப் போன்ற சூடான நாட்டுக்குப் பியூட்டேன் கூடிய கலவை போதும். புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். ஹோஸ், ரெகுலேட்டர், மூட்டுகள் எல்லாம் அந்தச் சுமையைத் தாங்க வேண்டும்.

இத்தனையும் நான் படித்தது எங்கள் குக்கர் உடைந்த பிறகுதான். டிசம்பரில் ஒரு மஃரிபுக்குப் பிறகு மகள் தேநீருக்குக் கேத்தலை வைத்துவிட்டுத் திரும்பினாள். கண்ணாடித் தட்டு வெடித்துச் சிதறியது. நல்ல வேளை, நெருப்புப் பிடிக்கவில்லை. ஆனால் நிலத்தில் இருந்து எழுதிக்கொண்டிருந்த பேரனின் புருவத்துக்கு மேலே ஒரு துண்டு கீறிவிட்டது. இரண்டு தையல். தழும்பு இன்னும் இருக்கிறது. எங்கள் வீட்டுக் கண்ணாடி வெடித்தது கலவையாலா, பழுதான பர்னராலா, கண்ணாடியின் குறையாலா என்று எனக்குத் தெரியாது. மனைவிக்கு அது தேவையுமில்லை. அன்றோடு அவர் கேஸைத் தொடுவதை நிறுத்திக்கொண்டார்.

அதன் பின் வந்த 2022இல் தொடுவதற்குக் கேஸும் இருக்கவில்லை. கப்பலுக்குக் கட்ட டொலர் இல்லை. வெற்றுச் சிலிண்டர்களைச் சங்கிலியால் ஒன்றோடொன்று கட்டிவைத்துவிட்டு மனிதர்கள் தெருவோரத்தில் இரவைக் கழித்தார்கள். மார்ச் 31இல் 13 மணி நேரம் மின்வெட்டு. ஏப்ரலில் நோன்பு வந்தபோது சிலிண்டரின் விலை 4860 ரூபாவானது. கேஸும் இல்லை, கரண்டும் இல்லை, இடித்துத் தள்ளிய அடுப்பும் இல்லை. டைல் பதித்த குசினிக்குள் நாங்கள் ஐந்து பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தோம்.

முதல் நோன்பன்று எங்களுக்குக் கை கொடுத்தது அடுத்த வளவுச் சிங்களக் குடும்பம். அவர்கள் வீட்டில் அடுப்பு இடிக்கப்படவில்லை. அந்த அம்மா தன் அடுப்பை அஸருக்குப் பிறகு எங்களுக்கு விட்டுத்தந்தார். கஞ்சிச் சட்டியை வேலிக்கு மேலால் தூக்கிக் கொடுத்தோம். கொதிக்கக் கொதிக்க வேலிக்கு மேலால் திருப்பி வாங்கினோம். ஒரு கோப்பை கஞ்சி அந்தப் பக்கமே நிற்கும். பத்து நாள் கழித்து அவரே சந்தையிலிருந்து இரண்டு வாய் உள்ள ஒரு 'அனகி' மண் அடுப்பை எங்களுக்கும் சேர்த்து வாங்கி வந்தார். மூன்று கல் அடுப்பை விடக் குறைந்த விறகில் எரியும் இந்த அடுப்பு எண்பதுகளில் நம் நாட்டிலேயே உருவானது. அதைப் பரப்பியவர்களுள் கண்டியைத் தளமாகக் கொண்ட ஒருங்கிணைந்த அபிவிருத்திச் சங்கமும் ஒன்று. பின்பக்கத்துச் சாய்ப்பில் அதை வைத்து மண் பூசினோம். மனைவி ஒரு பெருமூச்சு விட்டு அதன் முன்னால் குந்தினார்.

கேஸ் மறுபடி தாராளமாகக் கிடைத்தபோதும் அவர் எழுந்து வரவில்லை. மகள் ஒரு சின்னக் குக்கரில் தேநீர் வைப்பாள். சோறும் கறியும் சாய்ப்பில்தான். சாய்ப்புக்குப் புகைபோக்கி கிடையாது.

2024 மார்ச்சில் ஒரு சஹர் நேரம். விழிப்புத் தட்டியும் எழும்பாமல் கிடந்தேன். பின்பக்கத்தில் ஊதும் சத்தம். பிறகு இருமல். மறுபடி ஊதல், மறுபடி இருமல். ஒரு கணம் எனக்கு ஏழு வயது. உம்மா குசினியில் நிற்கிறார். அடுத்த கணம் தெளிந்தது: இது உம்மா இல்லை. இந்தப் புகையிலிருந்து காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டு நான் கேஸுக்குக் கொண்டுபோன பெண், கேஸுக்குப் பயந்து புகைக்கே திரும்பியிருக்கிறார். அன்று சஹர் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

மகளுக்கும் ஒரு தேவை இருந்தது. அவளுடைய கணவர் சுற்றுலா வேன் ஓட்டியவர். 2019 ஏப்ரல் குண்டுவெடிப்போடு அந்தத் தொழில் படுத்தது. அடுத்த வருடம் கொரோனா அதை முடித்துவைத்தது. அவர் கட்டாருக்குப் போக, அவள் இரண்டு பிள்ளைகளோடு எங்களிடம் வந்து பிறந்தநாள் கேக் செய்து விற்கத் தொடங்கினாள். அவளிடம் இருந்தது மின்சார ஓவன். மின் கட்டணம் 2022 ஓகஸ்டில் 75 வீதமும் 2023 பெப்ரவரியில் 66 வீதமும் ஏறியது. அதன் பிறகு இறங்கியும் ஏறியும் ஊஞ்சலாடுகிறது. இன்று வாங்கிய ஓர்டருக்கு அடுத்த மாத பில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் எப்படி விலை சொல்வது என்பாள். நாலு அடுப்பும் கேஸ் ஓவனும் சேர்ந்த குக்கர் ஒன்றுக்காகச் சீட்டுக் கட்டினாள். 2025 ஜனவரியில் சீட்டு விழுந்தது. பற்றாததற்கு என் ஓய்வூதியம்.

"அந்தப் பொட்டி ஊட்டுக்குள்ள வந்தா நான் ஊட்ட விட்டுப் போவன்" என்றார் மனைவி.

அன்றுதான் வாழ்க்கையில் முதல் தடவையாக, "நீங்களே வந்து பாருங்கோ. உங்களுக்குச் சரியெண்டா மட்டும் வாங்குவம்" என்று அவரிடம் சொன்னேன். அவர் சட்டியோடு வந்த கதை இதுதான்.

டி. எஸ். சேனாநாயக்க வீதியில் ஏறிய முதல் கடையில் விற்பனையாளர் என்னைப் பார்த்தே கதைத்தார். நிறம், கண்ணாடி மூடி, ஓவனுக்குள் எரியும் லைட் என்று அடுக்கினார். நான் என் பங்குக்கு லேபலைப் படித்தேன். சின்ன பர்னர் 1 கிலோவாட், நடுத்தரம் 1.75, பெரியது 3. மூன்று கிலோவாட் பர்னரை முழுதாகத் திறந்தால் மணிக்கு ஏறத்தாழ 218 கிராம் கேஸ் எரியும். ஆகவே ஒரு சிலிண்டர் 57 மணித்தியாலம் என்று மனக்கணக்குப் போட்டு மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். "மணித்தியாலம் இரிக்கட்டும். நான் கேட்டது, ஓவன் குமிழில நம்பர் ஈக்கா?" என்றார். இல்லை. கதவில் ஒரு வெப்பமானி மட்டும் ஒட்டியிருந்தது. மகள் சொல்லி அனுப்பியிருந்தாள்: "கதவில ஈக்கிற மீட்டர் சூட்டச் சொல்லும், புடிச்சு வெச்சிக்காது. கேக்குக்கு ஒரு மணித்தியாலம் 160 பாகை ஒரே சீரா நிக்கணும். தெர்மோஸ்டட் ஈக்கிறதப் பாருங்கோ."

இரண்டாவது கடையில் இருந்தது தெர்மோஸ்டட் உள்ள, மிகக் கவர்ச்சியான ஒன்று. அதன் பின்பக்கத் தகட்டில் இயற்கை வாயு, 20 மில்லிபார் என்று எழுதியிருந்தது. குழாயில் இயற்கை வாயு வரும் நாடுகளுக்காகச் செய்தது. அதன் ஜெட் துவாரங்கள் பெரியவை. நம் சிலிண்டர் வாயுவை அதில் விட்டால் நெருப்பு மஞ்சளாக எழும்பிச் சட்டியெல்லாம் கரி பிடிக்கும். துவாரங்களை மாற்றித் தருவீர்களா என்றால், "அதெல்லாம் பிரச்சினை வராது சேர்" என்றார்கள். வெளியே வந்துவிட்டோம். நம் நாட்டில் வாங்குபவர் பார்க்க வேண்டியது 28–30 மில்லிபார் என்ற எழுத்தை.

மூன்றாவது கடை கொட்டுகொடல்ல வீதியிலிருந்து உள்ளே திரும்பும் ஒரு சின்னக் கடை. அங்கே ஒரு குக்கரைச் சிலிண்டரோடு பொருத்தி வைத்திருந்தார்கள். நின்றவர் ஒரு இளைஞர். மனைவி அவரிடம் நேராகவே கேட்டார்: "மகன், இதில நெருப்பு அணைஞ்சா என்ன நடக்கும்?"

"கேஸ் தானா நிக்கும் மாமி."

"எப்படி நிக்கும்? காட்டுங்கோ."

அவர் குமிழை அமுக்கிப் பற்றவைத்து, சில விநாடி அமுக்கிய கையை எடுக்காமல் வைத்திருந்தார். பர்னருக்குப் பக்கத்தில் ஊசி போல நிற்கும் ஒரு துண்டைக் காட்டினார். தெர்மோகப்பிள். நெருப்புச் சுட்டால் அதில் ஒரு துளி மின்சாரம் உண்டாகும். அந்த மின்சாரம் உள்ளே ஒரு காந்தத்தைப் பிடித்து வைத்திருக்கும். காந்தம் வால்வைத் திறந்து வைத்திருக்கும். நெருப்பு அணைந்து ஊசி ஆறினால் காந்தம் விட்டுவிடும், வால்வு மூடிக்கொள்ளும்.

"கரண்ட் போனா?"

"இதுக்கு ஊட்டுக் கரண்ட் தேவல்ல மாமி. நெருப்பே கரண்ட் குடுக்கிற. பட்டன அமத்திப் பத்தவெக்கத்தான் கரண்ட் வேணும். அதுக்கு நெருப்புப்பெட்டி போதும்."

பதின்மூன்று மணி நேர இருட்டைப் பார்த்தவருக்கு இந்தப் பதில் பிடித்திருந்தது. "இப்ப அணைங்கோ" என்றார். இளைஞர் ஒரு அட்டையால் வீசி நெருப்பை அணைத்தார். மனைவி குனிந்து காதைக் குமிழுக்குக் கிட்டக் கொண்டுபோனார். விரலை மடக்கி சுப்ஹானல்லாஹ் சொல்லி எண்ணத் தொடங்கினார். கேஸ் வாசம் லேசாக வந்தது. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. இருபத்தொன்றில் 'டிக்' என்று ஒரு சின்னச் சத்தம். பிறகு வாசம் கலைந்தது.

"மத்த மூணும்?" என்றார். மற்ற மூன்றையும், கடைசியாக ஓவனையும் அந்தப் பிள்ளை முகம் சுளிக்காமல் செய்து காட்டினார். ஐந்து தடவையும் 'டிக்' கேட்டது. ஐந்தாவதைக் கேட்டு நிமிர்ந்தபோது மனைவியின் முகத்தில் நான் மூன்று வருடமாகக் காணாத ஒரு இளக்கம் இருந்தது.

பிறகுதான் பையை அவிழ்த்தார். கஞ்சிச் சட்டியைப் பெரிய பர்னரில் ஏற்றினார். அதன் வயிறு பக்கத்துப் பர்னர் இரண்டையும் மூடிக்கொண்டு, முன்பக்கம் குமிழ்கள் வரை நீண்டு நின்றது. "நாலு அடுப்பெண்டீங்க. இப்ப ஒண்டரதானே ஈக்கி" என்றார். இளைஞர் சிரித்துவிட்டு உண்மையைச் சொன்னார்: "இவ்வளவு பெரிய சட்டிய இதில வெக்க வேணாம் மாமி. சூடு திரும்பிக் குமிழுக்கு அடிக்கும். நாளாக நாளாகப் பழுதாப் போகும்." வியாபாரத்தைக் கெடுக்கக்கூடிய அந்தச் சொல்தான் வியாபாரத்தை முடித்துவைத்தது. "பொய் சொல்லாத புள்ள" என்று மனைவி என் காதில் சொன்னார்.

இரும்புத் தட்டு, எல்லா அடுப்புக்கும் ஓவனுக்கும் அந்தப் பாதுகாப்பு, எண் போட்ட தெர்மோஸ்டட். அதையே வாங்கினோம். அழகில் இரண்டாவது கடையில் இருந்ததற்குக் கிட்டவும் வராது.

"அப்ப கஞ்சிக்கு?" என்று பஸ்ஸில் கேட்டேன்.

"நீங்க இடிச்சதக் கட்டித் தாங்கோ. பொகபோக்கி வெச்சு. எந்த எடத்திலெண்டு நான் சொல்றன்."

அவர் சொன்ன இடத்தில், காற்றுப் போக்குப் பார்த்து, செங்கல்லால் கட்டி ஓட்டுக்கு மேலே புகைபோக்கி உயர்த்தினோம். குக்கரின் சிலிண்டரைச் சுவருக்கு வெளியே வைத்தோம். சிலிண்டர் வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் மேலே போகாது, நிலத்தில் தேங்கும். ஆகையால் குசினிக் கதவின் அடியில் இடைவெளி விட்டோம். ஒவ்வொரு மூட்டிலும் சவர்க்கார நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பார்ப்பது என் வேலை. ஹோஸ் மாற்ற வேண்டிய திகதியை மனைவி சுவரில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார்.

அந்த வருட நோன்பின் முதல் சஹருக்கு நானும் கூடவே எழுந்தேன். குமிழை அமுக்கித் தேநீருக்குக் கேத்தல் வைத்தேன். கையை உடனே எடுத்துவிட்டேன், நெருப்பு அணைந்தது. "அவசரப்படாதீங்கோ, அமத்திப் புடிங்கோ" என்றார் பின்னாலிருந்து. இரண்டாம் தடவை பிடித்தது. வீட்டில் ஊதும் சத்தம் இல்லை. இருமல் குறைந்திருக்கிறது, முற்றாகப் போகவில்லை. டொக்டர் மருந்தை நிறுத்த வேண்டாம் என்கிறார். மகளின் கேக் அடியில் சற்றுக் கூடுதலாகச் சிவக்கிறது. கேஸ் ஓவனில் சூடு கீழிருந்து வருவதால் தட்டை ஒரு படி மேலே வைத்துப் பழகிக்கொண்டிருக்கிறாள்.

அஸருக்குப் பிறகு பின்பக்க அடுப்பில் கஞ்சி கொதித்தது. வேலிக்கு அப்பால் போகிற கோப்பை அன்றும் போனது. அந்த அம்மா புகைபோக்கியை அண்ணாந்து பார்த்துவிட்டு, தனக்கும் ஒன்று கட்ட மேசனின் நம்பர் கேட்டார்.

வீட்டுக்கு அடுப்பு வாங்கப் போகிற என் போன்ற ஆண்களுக்கு ஒன்றைச் சொல்லத் தோன்றுகிறது. விலையையும் வடிவையும் நாம் பார்த்துக்கொள்ளலாம். அதன் முன்னால் நிற்கப் போகிறவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். அவர் சட்டியைக் கொண்டுவந்தால், பஸ்ஸில் அதை நீங்கள் தூக்குங்கள்.